பழைய காருக்குப் புதிய சேசிஸ் தகடு: எது பழுதுபார்ப்பு, எது மோசடி?

நீங்கள் கேட்டது இது. ராயபுரம் வீட்டில் உங்கள் தாத்தா வாங்கிய ஆஸ்டின் ஏ40 கார் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் எண்ணூர் அசோக் மோட்டார்ஸில் பாகங்களைப் பூட்டி உருவாக்கிய வண்டி. டிங்கரிங் வேலைக்கு விட்டபோது எஞ்சின் அறையின் பின்சுவரில் இருந்த சேசிஸ் எண் (வண்டியின் அடிச்சட்ட எண்) தகட்டைக் கழற்றினார்கள். வேலை முடிந்து வந்த வண்டியில் அது இல்லை. ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருக்கிறது. மண்ணடியில் பெயர்ப்பலகை செய்யும் ஒருவர் அதே எண்ணில், அசலைப் போலவே தகடு செய்து தருவதாகச் சொல்கிறார். இன்னொருவரோ, தன்னிடம் 1949-ஆம் ஆண்டு ஏ40 ஒன்றின் தகடும் ஆர்.சி.யும் இருக்கின்றன, அவற்றை உங்கள் வண்டிக்கு மாற்றிக்கொண்டால் மதிப்பு ஏறும் என்கிறார். எதைச் செய்யலாம்?

மண்ணடிக்காரர் செய்யும் தகட்டைச் சில ஏற்பாடுகளுக்குப் பிறகு மாட்டலாம். இரண்டாமவர் தருவதைக் கையில்கூட வாங்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் அசல் என்று தோன்றும். அது தொழிற்சாலையிலேயே அடித்த தகடு. ஆனால் உங்கள் வண்டியில் ஏறியதும் அந்த அசல் தகடு பொய் சொல்லத் தொடங்கிவிடும். மண்ணடியில் நேற்றுச் செய்த தகடு உண்மை சொல்லும். தகட்டின் வயதை நான் பெரிதாக எண்ணுவதில்லை. அதிலுள்ள எண் இந்த வண்டியுடையதுதானா, தகடு புதியது என்பதை அடுத்து வருபவரிடம் மறைக்கிறோமா என்ற இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன்.

முதலில் சட்டம். நம் ஊரில் பதிவு அலுவலகம் பார்ப்பது ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்பதைத்தான். தண்டையார்பேட்டை அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும்: எண் இருக்கும் இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 55-ஆவது பிரிவில் இதற்கான அதிகாரம் இருக்கிறது. வண்டியில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணோ சேசிஸ் எண்ணோ ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து மாறுபட்டால், அல்லது பொய்யான ஆவணத்தைக் காட்டிப் பதிவு வாங்கியிருந்தால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டபின் பதிவு அலுவலகம் பதிவை ரத்து செய்ய வேண்டும். 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே, ஆர்.சி.யில் உள்ள எண்ணையே தாங்கிய தகட்டை, அந்த எண்ணுக்குரிய வண்டியிலேயே மீண்டும் பொருத்தினால் ஆர்.சி.யின் ஒரு விவரமும் மாறுவதில்லை. வேறு வண்டியின் எண் உள்ளே வந்த கணத்தில் எல்லாம் மாறிவிடுகிறது.

குற்றவியல் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. பாரதிய நியாய சம்ஹிதையில் ஆவணம் என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம் காகிதத்தோடு நிற்பதில்லை. சாட்சியமாகப் பயன்படும் நோக்கத்தோடு எந்தப் பொருளின் மேலும் எழுத்தாலோ எண்ணாலோ குறியாலோ வெளிப்படுத்தப்பட்டது ஆவணமே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. என் வாசிப்பில், சேசிஸ் தகடு இந்த விளக்கத்துக்குள் தெளிவாகவே வருகிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்யான தகடு செய்தால் அது 336-ஆவது பிரிவு சொல்லும் போலி ஆவணத் தயாரிப்பு. அதைக் காட்டி ஒருவரிடம் பணம் வாங்கினால் 318-ஆவது பிரிவின் கீழ் மோசடி. அதற்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இரண்டிலும் நோக்கம்தான் குற்றத்தைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் உங்கள் நோக்கம் நேர்மையானது என்பதற்கான தடயத்தை இப்போதே, தகடு செய்வதற்கு முன்பே, காகிதத்தில் உருவாக்கி வைக்கச் சொல்கிறேன். பத்து ஆண்டுகள் கழித்து யாராவது கேட்டால் வாய் வார்த்தை நிற்காது.

இப்போது அந்த 1949 ஆர்.சி.க்கு வருகிறேன். பழைய வண்டி உலகத்தின் மிகக் கெட்ட பழக்கம் இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வண்டி விபத்திலோ துருவிலோ செத்துப்போகிறது. உடலை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆர்.சி. புத்தகமும் தகடும் மட்டும் யாரோ ஒருவர் அலமாரியில் உயிரோடு இருக்கின்றன. எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய சென்னை மாகாணப் பதிவு எண் என்றால் அதற்கென்றே ஆள் வருவார்கள். காகிதமில்லாத வேறொரு வண்டியை எங்கிருந்தாவது கொண்டுவந்து, இந்தத் தகட்டை அடித்து, சேசிஸில் எண்ணைப் பஞ்ச் செய்து, செத்த வண்டியின் பெயரில் ஓட்டத் தொடங்குகிறார்கள். காகிதமில்லாத வண்டிக்கு ஏன் காகிதம் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. பல நேரங்களில் அது திருட்டு வண்டி என்பதால்தான் காகிதம் இல்லை.

சட்டம் இதற்கு இடமே வைக்கவில்லை. 55-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, வண்டி அழிந்துவிட்டாலோ இனி ஓடவே முடியாத நிலைக்குப் போய்விட்டாலோ பதினான்கு நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதாவது, செத்த வண்டியின் ஆர்.சி. விற்பனைக்கே வந்திருக்கக் கூடாது. வாகனங்களை உடைக்கும் மையங்களுக்கான 2021-ஆம் ஆண்டு விதிகள், சேசிஸ் எண் உள்ள துண்டைத் தனியே வெட்டியெடுத்துப் பாதுகாக்கச் சொல்வதும் அந்த எண் இன்னொரு வண்டியில் உயிர் பெறக் கூடாது என்பதற்காகத்தான்.

உங்கள் விஷயத்தில் இதில் இன்னொரு துயரமும் இருக்கிறது. அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கப்பட்டு, 1949-இல் எண்ணூரில் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்டாகிக் கனரக வாகனங்களின் பக்கம் போனது. வட சென்னையில் கார் பூட்டிய அந்தச் சில ஆண்டுகளின் வரலாறு, எஞ்சியிருக்கும் வண்டிகளிலும் அவற்றின் எண்களிலும்தான் இருக்கிறது. 1949 எண்ணை 1950-களின் வண்டியில் ஏற்றினால் இரண்டு வண்டிகளின் வரலாறு ஒரே நேரத்தில் அழிகிறது: உண்மையில் இருந்த 1949 வண்டி எப்படி முடிந்தது என்பது மறைகிறது, உங்கள் தாத்தாவின் வண்டி பிறந்ததற்கான சான்றே இல்லாமல் போகிறது. எண்ணூரில் எந்த ஆண்டு எந்த வரிசையில் வண்டிகள் வெளிவந்தன என்று நாளை ஒருவர் ஆராய வந்தால், உங்கள் வண்டி அவருக்குத் தவறான தகவலைத் தரும். மதிப்பு ஏறும் என்று சொன்னவர் இதைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்.

வெளிநாட்டு அனுபவத்தில் மூன்றைச் சொல்வது உதவும். இந்த விவாதம் அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது.

அமெரிக்காவில் வாகன அடையாள எண்ணை (நம் ஊர்ச் சேசிஸ் எண்ணைப் போன்றது) தெரிந்தே அகற்றுவதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. பழுதுபார்க்கும்போது தேவைப்பட்டால் கழற்றுவதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் மாநிலச் சட்டங்கள் எல்லாமே அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. கன்சாஸில் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய 1959 கார்வெட் காரைப் பதிவுக்குக் கொண்டுபோனபோது, முன்பு யாரோ புதுப்பித்த சமயத்தில் தகட்டைக் கழற்றி மறுபடி பொருத்தியிருந்தது தெரியவந்தது. வண்டியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். வாங்கியவர் ஒரு தவறும் செய்யவில்லை, எண்ணும் அந்த வண்டியுடையதுதான். ஆனாலும் அதை அழித்துவிட வேண்டும் என்ற அளவுக்கு வழக்கு போய், பல ஆண்டுகள் இழுத்தது. 2022-இல் அந்த மாநிலம், பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றிப் பொருத்தலாம் என்று சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. தகட்டைத் தொடும் முன் படமும் பதிவும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது அங்கே வெளிப்படையாக விற்கும் மறுபதிப்புத் தகடுகள். அடையாள எண் தகட்டைத் தவிர, நிறம், இருக்கைத் துணி, எஞ்சின் வகை போன்றவற்றைக் குறியீடுகளாகச் சொல்லும் தனித் தகடு ஒன்றும் பல அமெரிக்க கார்களில் உண்டு. கிரைஸ்லர் நிறுவனத்தின் 1970 காலத்து கார்களில் அந்தத் தகட்டில் இ74 என்றிருந்தால் 426 ஹெமி என்ற ஆற்றல்மிக்க எஞ்சினோடு பிறந்த கார் என்று பொருள். அந்த ஒரு குறியீட்டால் விலை பல மடங்கு ஏறும். துருப்பிடித்த தகட்டுக்குப் பதிலாக அதே குறியீடுகளோடு புதிது வாங்குபவரும் இருக்கிறார், சாதாரண எஞ்சின் காருக்கு இ74 என்று எழுதி வாங்குபவரும் இருக்கிறார். செய்து கொடுப்பவர் இருவருக்கும் ஒரே கட்டணம்தான் வாங்குகிறார். பழைய தகட்டையோ அதன் படத்தையோ காட்டச் சொல்லாமல் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர் அந்த ஏமாற்றில் பங்காளி என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. 1929-இலும் 1930-இலும் பிரான்சின் லெ மான் கார்ப் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், 'பழைய நம்பர் ஒன்' என்று அழைக்கப்பட்டது. பிறகு அது பலமுறை பிரித்துக் கட்டப்பட்டது; முதலில் இருந்த பாகங்களில் மிகக் கொஞ்சமே மிஞ்சின. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டபோது, வாங்கவிருந்தவர்கள் இது அந்தக் காரே அல்ல என்றார்கள். 1990-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், வண்டியின் வரலாறு அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது, அந்தப் பெயருக்குப் போட்டியாக வேறு வண்டியும் இல்லை, ஆகவே இதுதான் அந்தக் கார் என்று தீர்ப்பளித்தது. வண்டியின் அடையாளம் தொடர்ச்சியில் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறொன்றை நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டு ஏ40-க்கும் அந்தத் தொடர்ச்சி இருக்கிறது: ஒரே குடும்பம், ஒரே ஆர்.சி. இதை விட்டுவிட்டு அறிமுகமற்ற ஒரு தகட்டின் பின்னால் ஏன் போக வேண்டும்?

சரி, செய்ய வேண்டியது. தகடு செய்பவரிடம் போவதற்கு முன் வண்டியின் அடிச்சட்டத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஏ40-க்கு உடலிலிருந்து தனியான அடிச்சட்டம் உண்டு. தகட்டைத் தவிர அடிச்சட்டத்திலும் எண் அடித்திருந்தால் உங்கள் கவலையில் பாதி தீர்ந்தது. ஆனால் தேடும் விதத்தில் கவனம் வேண்டும். காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள கடற்காற்றில் எழுபது ஆண்டு நின்ற இரும்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொறுமை இழந்து கிரைண்டரை வைத்துவிடாதீர்கள். பெயிண்ட் நீக்கும் திரவமும் மெல்லிய தூரிகையும் போதும். எண் மங்கலாகத் தெரிந்தால் சாய்வாக விளக்கடித்துப் படம் எடுங்கள்.

பஞ்ச் அடிக்கும்போது உலோகம் மேலே தெரியும் பள்ளத்தைவிட ஆழமாக உள்ளுக்குள் அழுத்தப்படுகிறது. அதனால்தான் தேய்த்து அழித்த எண்ணைக்கூடத் தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலக் கலவையால் மீட்டெடுக்க முடிகிறது: அழுத்தம் பட்ட உலோகமும் படாத உலோகமும் அமிலத்தில் வேறுவேறாகக் கரைகின்றன. உங்கள் எண் மங்கியிருந்தால் இது நம்பிக்கை தரும் செய்தி. எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் அடிக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்களுக்கோ இது எச்சரிக்கை. எண் தெளிவாக இல்லை என்றால் பட்டறையில் யாரையும் புதிதாகப் பஞ்ச் அடிக்க விடாதீர்கள், சரியான எண்ணாகவே இருந்தாலும். பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி வாங்கி, மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும். அனுமதியில்லாமல் அடித்த சரியான எண்ணுக்கும் திருட்டு வண்டியில் அடித்த எண்ணுக்கும் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

அடுத்து, தகடு தொலைந்ததைக் காவல் துறையிடம் பதியுங்கள். அந்தப் பட்டறையிடமிருந்தும், கழற்றிய தேதியையும் தொலைந்ததையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். தர மறுத்தால் நீங்களே பதிவுத் தபாலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆர்.சி. நகலையும் இந்தக் காகிதங்களையும் இணைத்து, இதே எண்ணில் மாற்றுத் தகடு பொருத்த விரும்புவதாகப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். இதையெல்லாம் செய்யாமலேயே தகடு அடித்து மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு என்பது எனக்குத் தெரியும். காப்பீட்டுக் கோரிக்கையின்போதோ விற்கும்போதோ கேள்வி வரும்வரைதான் அந்த நிம்மதி.

தகட்டின் முன்பக்கம் அசலைப் போலவே இருக்கட்டும். பழைய படங்களையோ அதே காலத்து இன்னொரு ஏ40-இன் தகட்டையோ பார்த்து எழுத்துருவையும் அளவையும் சரியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிராட்வே, மண்ணடிப் பக்கத்தில் அமிலத்தால் எழுத்துப் பொறிக்கும் (எச்சிங்) கைவினைஞர்கள் இதை மிக நன்றாகச் செய்வார்கள். ஆனால் பின்பக்கத்தில் 'மறுபதிப்பு' என்ற சொல்லும் செய்த ஆண்டும் பொறிக்கப்பட வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம் சொல்வதும் இதையே: மாற்றிய பாகத்தில் நிலையான குறி இருக்க வேண்டும், செய்த வேலைக்கு ஆவணம் இருக்க வேண்டும். செய்தவரிடம் பில் வாங்குங்கள். ஆர்.சி. நகலைக் கேட்காமல் தகடு செய்யச் சம்மதிப்பவரைவிட, கேட்டு வாங்கி வைத்துக்கொள்பவரைத் தேர்ந்தெடுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு.

புதுத் தகட்டைப் பழையதாகக் காட்ட அமிலத்தில் முக்கி, மண்ணில் தேய்த்து, ரிவெட்டில் துரு ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். இங்கே எனக்குச் சமரசம் இல்லை. பக்கத்திலுள்ள புதுப் பெயிண்ட்டுக்கு நடுவே பழைய தகடு இருந்தால் அழகாக இருக்கும் என்பார்கள். அழகுக்காக மட்டும் என்றால், பார்ப்பவரிடமெல்லாம் அது செயற்கை என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அப்படிச் சொல்பவர் மிகக் குறைவு. புதியது புதியதாகவே இருக்கட்டும். காற்றும் உப்பும் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும்.

ஒருநாள் பழைய தகடு கிடைத்துவிட்டால் புதியதைக் கழற்றிவிட்டு அதையே பொருத்துங்கள். ஒரே எண்ணில் இரண்டு தகடுகள் வெளியே உலவக் கூடாது என்பதால், கழற்றியதைக் குறுக்கே வெட்டி வீட்டுக் கோப்பில் வையுங்கள்.

விண்டேஜ் பதிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பகுதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுக்கு மேலான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள், சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாதவை, விண்டேஜ் என்று பதியத் தகுதி பெறும். புதிதாகப் பதிபவற்றுக்கு விஏ என்ற எழுத்துகள் கொண்ட எண் வரும்; கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாத்தாவின் எண்ணை விட வேண்டியதில்லை. மாநிலக் குழு வண்டியை நேரில் பார்த்தே முடிவு செய்யும். தகடு புதியது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, காகிதங்களை இணைத்துவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடிக்கும் நிலையை உண்டாக்காதீர்கள். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்ட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எண்ணையும் இதே சமயத்தில் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிடுங்கள். இந்த வயது வண்டிகளில் எஞ்சின் எப்போதோ மாறியிருப்பது சாதாரணம். மாறியிருந்தால் அதைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றுவதே வழி. பழைய எஞ்சின் எண்ணைப் புதிய எஞ்சினில் அடிப்பது, அந்த 1949 தகட்டை வாங்குவதற்குச் சமம்.

கடைசியாக, ஆர்.சி. இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காலமாகிவிட்டதால், எல்லாவற்றுக்கும் முன்னால் படிவம் 31-இல் வாரிசு உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். உரிய கெடு கடந்திருக்கும், தாமதத்துக்கான கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். தகட்டுக்கான கடிதத்தில் கையெழுத்துப் போடும் உரிமை அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் உங்களுக்கு வருகிறது. அதுவரை மண்ணடிக்காரர் காத்திருக்கட்டும்.